பழி அஞ்சிய பாண்டியன்: தாயின் மறைவும் தன்னையே குற்றம் சாட்டும் மனமும்

மனைவியை மர நிழலில் அமர்த்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சென்ற ஒருவன், திரும்பி வந்தபோது அவளை உயிரோடு காணவில்லை. மதுரை மண்ணில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு கதை இவ்வாறுதான் தொடங்குகிறது. அதே சொற்களைச் சிறிது மாற்றி, மருத்துவமனையின் நடைகளில் இன்றும் கேட்கிறோம். "இருபது நாள் அம்மா பக்கத்திலேயே இருந்தேன். தேநீர் குடிக்கக் கீழே இறங்கிய பத்து நிமிடத்தில் போய்விட்டார். நான் போயிருக்கக் கூடாது."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் யாவரும் ஊர் திரும்பிய பிறகும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டை விட்டுப் போவதில்லை. துயரத்தைப் பற்றிப் பிறரிடம் பேசலாம், அழலாம். குற்றவுணர்வைப் பற்றிப் பேசுவதற்குப் பலருக்கும் நா எழுவதில்லை. அது உள்ளேயே இருந்து, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, சில வேளைகளில் உடன்பிறந்தோரையும் பிரித்துவிடுகிறது. அவ்வாறு உள்ளே வைத்துக் கொண்டிருப்போருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆலமரத்தடியில் நிகழ்ந்தது

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் சோமசுந்தரக் கடவுளின் 64 திருவிளையாடல்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் பிட்டுக்கு மண் சுமந்ததும், வளையல் விற்றதும், நரியைப் பரியாக்கியதும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுவதால் மதுரையில் சிறு பிள்ளைகளும் அவற்றை அறிவர். இருபத்தைந்தாவதாக உள்ள 'பழி அஞ்சின படலம்' அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளியின் அருகிலிருந்து தொண்டு செய்தவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

குலோத்துங்க பாண்டியன் ஆண்ட காலத்தில், திருப்பத்தூரைச் சேர்ந்த அந்தணன் ஒருவன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரையை நோக்கி நடந்து வந்தான். வழியில் மனைவிக்கு நா வறண்டது. ஓர் ஆலமரத்தின் நிழலில் அவளையும் குழந்தையையும் இருத்திவிட்டு, அவன் நீர் தேடிச் சென்றான். முன்னொரு காலத்தில் எவனோ எய்த அம்பு ஒன்று அம்மரத்தின் கிளைகளுக்கிடையே சிக்கிக் கிடந்தது. காற்று வீசியது. இலைகள் அசைந்தன. அந்த அம்பு கீழே விழுந்து அவள் உடலில் பாய, அவள் உயிர் துறந்தாள். அதே வேளையில் வேடன் ஒருவன் வில்லும் அம்புமாக வந்து, களைப்பு நீங்குவதற்காக மரத்தின் மற்றொரு புறத்தில் நின்றான். அவளை அவன் காணவுமில்லை.

நீரோடு திரும்பிய கணவன் கண்டது மூன்றே காட்சிகள்: அம்பு தைத்து இறந்து கிடக்கும் மனைவி, அருகில் பச்சிளங்குழந்தை, சற்று அப்பால் வில்லேந்திய வேடன். இம்மூன்றையும் இணைத்து ஒரு முடிவுக்கு வர அவனுக்குக் கணநேரமும் ஆகவில்லை. மனைவியின் உடலையும் குழந்தையையும் சுமந்துகொண்டு, வேடனையும் இழுத்துக்கொண்டு, பாண்டியனின் வாயிலில் போய் நின்று முறையிட்டான்.

வேடன் தான் கொல்லவில்லை என்றான். எவ்வளவு விசாரித்தும் அவன் சொல் மாறவில்லை. கையில் அம்பு இருக்கிறது. உடலிலும் அம்பு இருக்கிறது. அருகில் வேறு எவரும் இல்லை. தண்டனை வழங்குவதற்கு இவை போதும் என்று எவரும் எண்ணக்கூடும். ஆயினும் மன்னன் தண்டிக்கவில்லை. இறந்தவளுக்கு உரிய காரியங்களைச் செய்து வருமாறு அந்தணனை அனுப்பினான். வேடனைக் காவலில் வைத்தான். கோயிலுக்குச் சென்று உண்மையை உணர்த்துமாறு இறைவனை வேண்டினான். நகர்ப்புறத்தில் வணிகர் தெருவில் அன்றிரவு நடக்கவிருக்கும் திருமண வீட்டிற்கு அந்தணனோடு செல்லுமாறு அவனுக்கு ஒரு குரல் கேட்டது.

இருவரும் மாறுவேடத்தில் அங்கே சென்று ஓரிடத்தில் மறைந்திருந்தனர். அப்போது பிறர் கண்ணுக்குப் புலப்படாத யமதூதர் இருவர் பேசிக்கொள்வது அவர்கள் செவியில் விழுந்தது. நோய் ஏதுமில்லாத இந்த மணமகனின் உயிரை இன்றிரவு எவ்வாறு கொண்டு செல்வது என்று ஒருவன் கேட்டான். பகலில் ஆலமரத்தில் சிக்கியிருந்த அம்பைக் காற்றினால் வீழ்த்தி அந்தப் பெண்ணின் உயிரைக் கவர்ந்தது போலவே, இங்கே கட்டியிருக்கும் பசுவைக் கொண்டு முடிப்போம் என்றான் மற்றவன். சற்று நேரத்தில் மணமுழவின் ஓசைக்கு வெருண்ட பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. மணவீடு பிணவீடாயிற்று.

அரசன் திரும்பி வந்து வேடனை விடுவித்தான். செய்த பிழையைப் பொறுக்குமாறு வேண்டி, அவனுக்குப் பொருளும் அளித்தான். அந்தணனுக்கும் பொருள் தந்து ஆறுதல் கூறி அனுப்பினான்.

மன்னன் அஞ்சியது எதற்கு?

இக்கதையை 'எல்லாம் விதி' என்னும் ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடித்தால், மருந்து எதற்கு, மருத்துவர் எதற்கு என்னும் கேள்வியும் உடன் எழும். ஆனால் இப்படலத்தின் பெயர் விதியைக் குறிக்கவில்லை. 'பழி அஞ்சின' என்பதே பெயர். குற்றமற்ற ஒருவன் மீது பழியைச் சுமத்திவிடுவோமோ என்று மன்னன் அஞ்சினான். கண்ணுக்குத் தெரிந்த தொடர்பை மட்டும் கொண்டு தீர்ப்பெழுத மறுத்தான். ஒருவன் அருகில் நின்றான் என்பதும், அவன் கொன்றான் என்பதும் ஒன்றாகா என்பதே அவன் நமக்குக் காட்டும் நெறி.

அந்தணனின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் புராணம் விரித்துரைக்கவில்லை. 'நான் ஏன் நீர் தேடிப் போனேன்? ஏன் அந்த மரத்தைத் தேர்ந்தேன்? இன்னும் சிறிது தூரம் நடந்திருந்தால்?' என்று அவன் தன்னையே வினவியிருப்பான் என்பதை, நோயாளியின் கட்டிலருகே இரவுகளைக் கழித்தவர்கள் எளிதில் உணர்வார்கள். வேடன் அகப்பட்டிராவிட்டால் அவன் தன்னையே மன்னன் முன் நிறுத்தியிருக்கவும் கூடும்.

நம்முள் பலர் செய்வது இதுதான். பழியைச் சுமக்க வேறு எவரும் கிடைக்காதபோது, நம்மையே வேடனாக்கி நிறுத்துகிறோம். அந்த வழக்கில் முறையிடுபவரும் நாமே, குற்றவாளியும் நாமே, தீர்ப்பளிப்பவரும் நாமே. சான்று கேட்பதற்கு எவரும் இல்லை. பிறர் மீது பழி சுமத்த அஞ்சும் நல்ல உள்ளங்கள் தம் மீது சுமத்த மட்டும் அஞ்சுவதேயில்லை. வேடனுக்குக் கிடைத்த விசாரணை உங்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

தொலைவிலுள்ள ஒரு நாட்டிலும் இதே கதை

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் திருவிளையாடலைப் படித்திராவிடினும், கைப்பேசியில் ஜப்பானிய அனிமே தொடர்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்று, ஹிரோமு அரகாவா வரைந்த சித்திரக்கதையிலிருந்து உருவாகி 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'. தற்செயலாக அதுவும் 64 பகுதிகளைக் கொண்டது.

எட்வர்ட், அல்ஃபோன்ஸ் என்னும் சிறுவர் இருவர். தந்தை வீட்டை விட்டுச் சென்றுவிட, தாய் நோயுற்று இறந்துபோகிறாள். இரசவாதம் பயின்ற அப்பிள்ளைகள், தடை செய்யப்பட்ட ஒரு முறையால் தாயை மீண்டும் உயிர்ப்பிக்க முயல்கின்றனர். முயற்சி பாழாகிறது. மூத்தவன் காலை இழக்கிறான். இளையவனோ உடல் முழுவதையும் இழக்கிறான். தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் நிலைநிறுத்த அண்ணன் தன் கையையும் கொடுக்கிறான். அந்த முயற்சியில் உருவான ஏதோ ஒன்று சில கணங்கள் மட்டும் மூச்சுவிட்டு அடங்குகிறது. அதைக் கண்ட பிள்ளைகள், அம்மாவை இரண்டாம் முறையும் இறக்கச் செய்துவிட்டோம் என்று நம்பி, அந்தச் சுமையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர்.

இருபதாவது பகுதியில் எட்வர்ட் தன் ஊருக்குத் திரும்பி, தாங்கள் புதைத்ததைத் தோண்டிப் பார்க்கிறான். அச்சத்தால் உடல் நடுங்குகிறது, குமட்டுகிறது. ஆயினும் நிறுத்தவில்லை. கிடைத்த முடியின் நிறம் தாயின் முடி நிறம் அன்று. எலும்பின் அளவும் தாயினது அன்று. தாங்கள் உருவாக்கியது அம்மாவே இல்லை, ஆகவே அம்மாவை இரண்டாம் முறை கொல்லவுமில்லை என்பது தெளிவாகிறது. இறந்த தன் குழந்தையை மீட்க இதே தவற்றைச் செய்து, அதே சுமையைத் தாங்கிவந்த அவனுடைய ஆசிரியைக்கும் இச்செய்தியால் விடிவு பிறக்கிறது.

இறந்தவர் இரண்டு கதைகளிலும் திரும்பி வரவில்லை. பாண்டியன் இரவில் வேற்றுத் தெருவுக்குச் சென்றான். அச்சிறுவன் மண்ணைத் தோண்டினான். அஞ்சியபடியே சென்று உண்மையைப் பார்த்ததால் இருவருக்கும் கிடைத்தது ஒன்றே: இல்லாத குற்றத்திலிருந்து விடுதலை. துயரம் எஞ்சியது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

நம் வீடுகளில் நடக்கும் வழக்குகள்

தாயை இழந்தோர் தம் மீது சுமத்திக்கொள்ளும் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒவ்வொன்றையும் மருத்துவ அறிவின் துணையோடு காண்போம்.

'கடைசி நேரத்தில் நான் அருகில் இல்லை.' நெடுநாள் நோயின் இறுதியில் மூச்சு மெதுவாகக் குறைந்து, இடைவெளிவிட்டு, பின் ஓசையின்றி நின்றுவிடுவதுண்டு. அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்த நிமிடம் என்பதை மருத்துவராலும் செவிலியராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அருகிலிருந்தவர் கண்ணயர்ந்தபோதோ, மருந்து வாங்கச் சென்றபோதோ உயிர் பிரிவதை எல்லா வார்டுகளிலும் காண்கிறோம். இருபது நாள் அருகிலிருந்ததைப் பத்து நிமிடம் அழித்துவிடாது.

'இன்னும் முன்னதாக அழைத்து வந்திருக்க வேண்டும்.' கணையம், சினைப்பை முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்கள் முற்றும் வரை தெளிவான அறிகுறி எதையும் காட்டாதிருப்பது உண்டு. வயிறு உப்புசம், பசியின்மை, களைப்பு ஆகியவை எத்தனையோ சிறு தொல்லைகளிலும் வரும். மேலும், நம் தாய்மார்கள் வலியை மறைப்பதில் கைதேர்ந்தவர்கள். பேரன் தேர்வு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தாமே தள்ளிப்போட்டிருப்பார்கள். முடிவு தெரிந்த பின் திரும்பிப் பார்த்தால் எல்லா அறிகுறிகளும் விளக்குப்போலத் தெரியும். அன்று அவ்விளக்கு ஏற்றப்பட்டிருக்கவில்லை.

'கடைசியில் வயிறு நிறையச் சாப்பிடக்கூட இல்லை, பட்டினியோடு போய்விட்டார்.' இறுதி நாட்களில் உடல் உணவை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கிறது, பசியும் அடங்குகிறது. உண்ணாததனால் அவர் இறக்கவில்லை. இறப்பு நெருங்கியதனால் உண்ணவில்லை. இந்நிலையில் இப்போது எவரையேனும் கவனித்து வருவோர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: விழுங்க இயலாதவரின் வாயில் பாலோ நீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் புகக்கூடும். ஈரப் பஞ்சினால் உதடுகளையும் நாவையும் நனைத்தால் போதும். முன்பு அறியாமல் ஒரு கரண்டி பால் கொடுத்துவிட்டு, அதன்பின் மூச்சு நின்றதை எண்ணி வருந்துவோரும் உண்டு. உயிர் அந்நிலைக்கு வரக் காரணம் நோய். அந்தக் கரண்டி அன்று.

'வலி மருந்துக்கு ஒப்புக்கொண்டேன். அதுதான் உயிரைக் குறைத்தது.' மார்ஃபின் என்னும் மருந்தைப் பற்றி இவ்வச்சம் பரவலாக உள்ளது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஏற்ப மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அது துன்பத்தைக் குறைக்கிறது, இறப்பை விரைவுபடுத்துவதில்லை. கடைசி ஊசி போட்ட சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தால், இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பதே அதன் பொருள். ஆலமரத்தின் மறுபுறம் வேடன் நின்றதைப் போல.

'செயற்கைச் சுவாசம் வேண்டாமென்று கையெழுத்திட்டேன்.' நோய் தீராது என்று மருத்துவர்கள் உறுதியாகக் கூறிய பின், இன்னுமொரு குழாயைத் தவிர்த்து, வீட்டிலோ அமைதியான அறையிலோ இருக்கச் செய்வது கைவிடுதல் ஆகாது. அதுவும் கவனிப்பின் ஒரு வகையே.

'அம்மா போனதும் ஒரு நிம்மதி தோன்றியது. நான் எத்தகைய மகள்?' மாதக்கணக்கில் உறங்காமல், செலவையும் வலியையும் எண்ணி எண்ணித் தளர்ந்த உடலும் மனமும் அந்தச் சுமை இறங்கியதும் இளைப்பாறுவது இயல்பு. அவர் படும் வேதனை முடிந்ததே என்னும் நிம்மதியும் அதில் கலந்திருக்கிறது. பொறுமையிழந்து எப்போதோ சொன்ன ஒரு கடுஞ்சொல்லும் இவ்வாறே உறுத்தும். அம்மாவின் நினைவில் அந்த ஒரு சொல் மட்டுமா இருந்திருக்கும்?

விசாரணைக்கு மூன்று கேள்விகள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் மீது நீங்கள் சுமத்தும் குற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன்கீழ் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது: அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது? இன்று தெரிந்ததை விலக்கி, அன்று தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும்.

இரண்டாவது: நான் அதை எந்த நோக்கத்தோடு செய்தேன்? வலி குறையட்டும், பணம் ஏற்பாடு செய்யலாம், சிறிது உறங்கி எழுந்து மீண்டும் கவனிக்கலாம் என்பன போன்ற விடைகளே பெரும்பாலும் வரும்.

மூன்றாவது: நான் வேறுவிதமாகச் செய்திருந்தால் முடிவு உறுதியாக மாறியிருக்குமா? இதற்கு நீங்களே விடை எழுதிவிட வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைக் கேட்பதற்கென்று நேரம் ஒதுக்குமாறு சிகிச்சையளித்த மருத்துவரிடம் கோருவது தவறன்று. மாதங்கள் கழித்தும் கேட்கலாம். 'ஒரு மாதம் முன்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று நேராகவே கேளுங்கள். மருத்துவ ஆவணங்களின் நகலை நோயாளியோ அவருடைய உரிய உறவினரோ கோரினால், 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. சிகிச்சையில் ஐயம் இருந்தாலும் இதுவே வழி. ஐயத்தை மனத்தில் வைத்துப் புழுங்குவதைவிடவும், இரவுப் பணியிலிருந்த செவிலியர் மீது சினத்தைக் கொட்டுவதைவிடவும், கேட்டுத் தெரிந்துகொள்வது மேலானது. பாண்டியனும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

உண்மையாகவே தவறு நேர்ந்திருந்தால்?

விசாரணையின் முடிவில் எல்லோருக்கும் 'குற்றமில்லை' என்னும் தீர்ப்பே வரும் என்று சொல்வது நேர்மையாகாது. மருத்துவர் வற்புறுத்தியும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. தாய் பலமுறை அழைத்தும் ஊருக்கு வராமலிருந்தவர்கள் உண்டு. அவர்களிடம் 'உங்கள் மீது தவறே இல்லை' என்று சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். ஆறுதலும் பெற மாட்டார்கள்.

அவர்களுக்குக் கூறக்கூடியது இது. செய்த தவற்றை அதன் அளவில் ஒப்புக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிதாக்க வேண்டாம். 'மூன்று மாதம் வரவில்லை' என்பது உண்மையாயின், 'நான் கொன்றுவிட்டேன்' என்று அதை மாற்றி எழுதாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஒரு கடிதமாக எழுதலாம். அவரவர் வழிபாட்டு முறைப்படி வேண்டிக்கொள்ளலாம். பின்பு, உயிரோடிருப்போரிடம் அக்கடனைத் தீர்க்கலாம். தனித்திருக்கும் தந்தை, கவனிப்பாரற்ற அத்தை, அம்மாவை இறுதிவரை பார்த்துக்கொண்ட தங்கை என்று எவரேனும் ஒருவர் இருப்பார். மன்னனும் பிழையைப் பொறுக்குமாறு வேடனிடமே வேண்டினான் அல்லவா?

வேடனாக்கப்படுவோர்

பழி வெளிப்புறமாகவும் திரும்பும். 'நீ உடனே சேர்த்திருந்தால்' என்று வெளியூரிலிருந்து வரும் அண்ணன், உடனிருந்து பார்த்த தங்கையிடம் கேட்பான். மருமகள் மீது பழி விழும். துட்டி கேட்க வருவோரும் அறியாமல் இதை வளர்த்துவிடுகின்றனர். 'வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே' என்னும் ஒரு சொல், அவ்வீட்டில் பல மாதங்கள் தங்கிவிடும் என்பதை அவர்கள் அறிவதில்லை.

துயர வீட்டிற்குச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். எவ்வாறு நேர்ந்தது என்று துருவிக் கேட்காதீர்கள்; அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். 'நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். பதினாறாம் நாளுக்குப் பின் ஒருமுறை செல்லுங்கள். அப்போதுதான் வீடு வெறிச்சோடியிருக்கும்.

அந்தக் குழந்தை

இக்கதையில் நாம் மறந்துவிட்ட ஒருவர் உண்டு. தாயின் உடலருகே கிடந்த கைக்குழந்தை.

நம் ஊர்களில் பிரசவத்தில் தாய் இறந்தால், பிறந்த குழந்தையைப் பார்த்துத் 'தாயை முழுங்கியது' என்று சொல்லும் கொடிய வழக்கம் இன்னும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. பிரசவத்தின்போது தாய் இறப்பதற்கு மிகுந்த இரத்தப்போக்கு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், கிருமித்தொற்று போன்ற காரணங்கள் உள்ளன. பிறந்த வேளை அவற்றுள் ஒன்றன்று. அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தான் செய்யாத கொலையைத் தன் பெயரோடு சுமந்து வளர்கிறது. அதை உங்கள் வீட்டில் எவரும் சொல்ல விடாதீர்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளும் இரகசியமாகத் தம்மைக் குற்றவாளிகளாக்கிக் கொள்வதுண்டு. 'அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன், அதனால்தான் இறந்துவிட்டார்' என்று சிறு பிள்ளைகள் எண்ணுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே, அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே சொல்ல வேண்டும்: 'அம்மாவுக்கு நோய் வந்தது. மருத்துவர்கள் முயன்றும் குணமாகவில்லை. நீ சொன்னதாலோ, செய்ததாலோ, நினைத்ததாலோ இது நடக்கவில்லை.' தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று மறைத்தால், உறங்குவதற்கும் ஊர் செல்வதற்கும் குழந்தை அஞ்சத் தொடங்கும். 'இறந்துவிட்டார்' என்னும் சொல்லையே மென்மையாகச் சொல்லலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

துயரத்திற்குக் காலவரையறை கிடையாது. தலைத்திவசத்தன்று அழுகை வருவதும், அம்மாவின் சேலையை மடிக்கும்போது கை நடுங்குவதும் நோயின் அடையாளங்கள் அல்ல. எனினும் ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துயரம் சிறிதும் தணியாமல், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதபடி வாட்டினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதைச் சிகிச்சை பெற வேண்டிய நிலையாகக் கொள்கிறது. உறக்கமும் உணவும் தொடர்ந்து கெடுவது, மது அருந்துவது கூடுவது, எல்லோரிடமிருந்தும் விலகிப்போவது ஆகியவற்றைக் கண்டால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அணுகுங்கள். 'அம்மாவோடே போய்விடலாம்' என்னும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்னும் எண்ணில், எந்த நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம்.

கதையின் அந்தணனிடம் ஒருமுறை திரும்புவோம். வணிகர் தெருவில் அன்றிரவு யமதூதரின் பேச்சை மன்னன் மட்டும் கேட்கவில்லை. அவனருகே அந்தணனும் இருந்தான். வேடன் குற்றமற்றவன் என்று அவன் அறிந்த அதே கணத்தில், தான் சென்றதால் அவள் இறக்கவில்லை என்பதையும் அறிந்திருப்பான். அந்த அம்பு, அவன் அங்கு வருவதற்கு நெடுநாள் முன்பே மரத்தில் சிக்கியிருந்தது.

அவன் அவளை விட்டுப் போனது அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரத்தான். நீங்களும் மருந்து வாங்க, பணம் புரட்ட, ஒரு வாய் சோறுண்டு மீண்டும் வந்து உட்காரத்தான் எழுந்து போனீர்கள். அதையும் உங்கள் வழக்கில் சான்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.